அட்டவணை

வடக்கே: கடல்.
கிழக்கே: கடல்.
தெற்கைத் தட்டுமுன் கரண்ட் போய்விட்டது.

யன்னலோரம் ஆட்சேபனைக் கோவையைப் புரட்டினேன்.
கச்சேரி வளவில், எந்த வர்த்தமானியிலும் இல்லாத மான் ஒன்று
யாரோ எறிந்த சோற்றுப் பார்சல் தாளை
நக்கிக்கொண்டு நின்றது.

வந்திருந்தது ஒரேயொரு கடிதம்.
இறக்கக்கண்டி, மீராமுகைதீன் பிச்சைத்தம்பி.
"உயர்நீர்க் குறியிலிருந்து ஒரு மைல் என்கிறீர்கள்.
எந்த உயர்நீர்?
வாடைக் கடலுடையதா, கச்சானுடையதா?
பார்க் வரட்டும், நான் எதிரில்லை.
எங்கட பாரைக் கேட்டுவிட்டு வரட்டும்."

அடியில், கொப்பித்தாள் நிறையப் பெயர்கள்:
ஆமைப்பார். களவாப்பார்.
உடைஞ்ச கப்பல்பார்.
வாப்பா திரும்பாத பார்.

எனக்கு வந்த வரைவில் அங்கெல்லாம் இலக்கங்கள்தான்.
பாகை, கலை, விகலை.
மொழிபெயர்ப்பாளர் எதையும் கூட்டக் கூடாது.
தெரியும். பதினெட்டு வருடச் சேவை.

கரண்ட் வந்ததும்
அவர் கீறிய படத்தோடு ஒத்துப் பார்த்து
ஆறாம் புள்ளிக்குப் பக்கத்தில்
'வாப்பா திரும்பாத பார் எனப்படும் இடம்'
என்று சேர்த்தேன்.

பிறகு கடைசிப் பந்தியையும்
ஒரு சொல் பிசகாமல் தமிழாக்கினேன்:
உரைகளுக்கிடையே முரண்பாடு காணப்படின்
சிங்கள உரையே மேலோங்கும்.

தெற்கே: கடல்.