ஆறே முக்காலே அரைக்கால்

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிர்வரிசையில்
என் சலவைக் கடை.
இரும்புக்கடை ஆ லெங்கிடம்
பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கினதாம்.
ஹலீம் மேசைமேல் வைத்தார்
ஒரு பட்டாளத் தொப்பி,
ஆறிப்போன பரோட்டா மாதிரி.

சின்னம் இல்லை. அது குத்தியிருந்த இரண்டு ஓட்டை மட்டும்.
வலப்பக்கம் சரிந்தே பழகிய கம்பளி,
"வெள்ளைக்காரன் வழக்கம்" என்றார்.
தோல்பட்டையில் ஓர் அம்புக்குறி,
அளவு ஆறே முக்காலே அரைக்கால்,
வருடத்தில் ஐந்து மட்டும் மிச்சம்;
அடுத்த எண்ணை எந்த நெற்றியோ குடித்துவிட்டது.

நிறம்தான் தகராறு.
வெயில் தின்ற பழுப்பு.
"மெரூனாக இருந்தால் பாராசூட் படை,
விலையே வேறு.
இந்த அழுக்கை மட்டும் எடுத்துக் கொடு."

அழுக்கா?
விரலால் இழுத்தேன். நீண்டு சுருண்டது.
ஒட்டுப்பால்.
முன்பக்கம் இரண்டு சுட்ட பொட்டு:
கார்பைடு விளக்கு கட்டின தலை.
பெரட்டு முடிந்து இருட்டில் நிரை ஏறி
யாருக்கும் சல்யூட் அடிக்காமல்
இதற்குள் வேர்த்திருக்கிறது ஓர் ஆள்.

மண்ணெண்ணெய் தொட்டு
ஓரத்திலிருந்து உரித்தேன்.
பால் உட்கார்ந்திருந்த இடத்தில்
ஒரு சொட்டளவு
கரும்பச்சை,
நேற்றுத்தான் சாயம் ஏறினதுபோல.

"மெரூன் இல்லையா?"
"இல்லை."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இன்னும் ஏழு சொட்டு இருக்கிறது,
உரிக்கட்டுமா என்றேன்.
செம்பனை லாரி ஒன்று போகும்வரை பேசவில்லை.
பிறகு தலையில் வைத்துப் பார்த்தார்,
காதுவரைகூட இறங்கவில்லை.

பட்டைக்குள் ஏதோ உறுத்த நெம்பினேன்:
துருவேறிய கொண்டை ஊசி.

எனக்குச் சரியாக இருந்தது.