பற்றாசு

கூத்தாநல்லூர்க் கடைத்தெரு.
நஜ்முதீன் பாயின் கண்ணாடி மேசை மேல்
மூன்று கிடக்கின்றன,
பேனாவைவிடக் கொஞ்சம் தடியாய்.
மூன்றுக்கும் வயர் கிடையாது.
வயிற்றில் வாயு.

நானூற்றைம்பது ரூபாய் மஞ்சள்.
ஆயிரத்து நூறு நீலம்.
வெறும் வயிற்றோடு துபாயில் விமானம் ஏறி
அவர் தம்பியோடு வந்திறங்கிய கறுப்புக்கு மட்டும்
விலை சொல்லாமல் சிரிக்கிறார்.

"என்ன வேலைக்கும்மா?"

என்ன வேலையென்று சொல்ல.
களப்பாலுக்குத் தெற்கே மோட்டார் கொட்டகை.
ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி முட்டை,
செல்போனில் ஓடவிடும் பச்சைப் பலகை,
அதில் ரிலேயின் ஒரு கால்
ஈயம் விட்டு ஆடிக்கொண்டிருக்கும்.
அதை நிறுத்தச் சூடு வேண்டும்.
சூட்டுக்குக் கரண்ட் வேண்டும்.
மும்முனைக் கரண்ட் ராத்திரி பதினொன்றுக்கு.
பதினொன்றுக்கு வரப்போவதற்கு
பகல் மூன்று மணிக்கே
அந்தக் கால் ஒட்டியிருக்க வேண்டும்.

போன குறுவை வரை
மொபெட்டின் முன்னால் பேட்டரி,
பின்னால் இன்வர்ட்டர், நடுவில் நான்.
வரப்பில் தள்ளிக்கொண்டு போகையில்
மூன்றில் எதை வாய்க்காலில் போடலாமென்று
யோசித்ததுண்டு.

பாய் மஞ்சளைப் பற்றவைக்கிறார்.
சின்ன நீல நாக்கு.
"ஃபேனை அஞ்சுல வைங்க."
வைத்தார். நாக்கு உள்ளே போய்விட்டது.
"கடைக்குள்ள ஏதும்மா இவ்வளவு காத்து?"
ஆடி மாசம் பாய்.
அம்மி பறந்து நான் பார்த்ததில்லை.
நாற்றங்கால் தார்ப்பாயும் என் துப்பட்டாவும்
ஒன்றாய்க் கிளம்பிப்போய்
ஒரே கருவேல மரத்தில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

கறுப்பு நின்றது. காற்றை மதிக்கவே இல்லை.
முனை தேய்ந்தால்?
"தம்பி அடுத்த ரமலானுக்கு வருவான்."
வயிற்றில் எவ்வளவு மிச்சமென்று
பார்க்க ஒரு சன்னல்கூட இல்லை அதற்கு.
கீழே வைத்தேன்.

நீலமும் நின்றது.
ஆனால் விலாவில் ஒரு துளை,
அந்த வழியாய்ச் சூடான மூச்சு.
உள்ளங்கையை நீட்டி, உடனே இழுத்துக்கொண்டேன்.
பக்கத்து வயரின் தோலை உரித்துவிடும்.
ஒன்றை ஒட்டும்போதே இன்னொன்றை உருக்குகிற ஆளோடு
பதினோரு வருஷம் இருந்து பார்த்தவள் நான்.
வேண்டாமென்று எழுந்தேன்.
செருப்பு மாட்டும்போதுதான் தோன்றியது:
துளையை வானம் பார்க்கத் திருப்பிப் பிடித்தால்?
மனுஷனை அப்படித் திருப்ப முடியவில்லை.
இதை முடிந்தது.

பில்லுக்குப் பேர் கேட்டார்.
தையல்நாயகி.
"தையல் மெஷினும் பாப்பீங்களா?"

உத்திராபதி கொட்டகை வாசலில்
குடையை மடக்காமல் காற்றோடு மல்லுக்கட்டி நிற்கிறார்,
என் நெருப்புக்கு மறைவாக.
வெயிலில் தீ கண்ணுக்குத் தெரியாது,
ஸ்ஸ்ஸென்று காதில்தான் விழும்.
முப்பது எண்ணினேன்.
முனையில் ஈயம் தொட்டதும்
ஒரு பொட்டு வெள்ளி, கொஞ்சம் குங்கிலியப் புகை.
ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
இளிக்கட்டும்.
இந்தப் பலகையில்
எதையும் எதோடும் சேர்த்துவைப்பது
ஈயம்தான்.

"ஓடுமா?"
கரண்ட் வந்தால் தெரியும்.
"வராட்டி?"
வராவிட்டால் என் தப்பு இல்லை.
அவர் சிரிக்கவில்லை.
கடைமடைக்கு இன்னும் ஆற்றுத் தண்ணீர் வரவில்லை,
நாற்று நுனி மஞ்சளாகிக்கொண்டிருந்தது.
கூலியில் பாதி கொடுத்தார்.

பதினொன்று பத்துக்குத் தலைமாட்டில் போன்
ஒரே ஒரு ரிங்.
எடுப்பதற்குள் கட்.
தண்ணீர் விழுகிறதென்றால் அவ்வளவுதான்,
இல்லையென்றால் விடிய விடிய அடிக்கும்.

விளக்கைப் போட்டேன்.
சூடு ஆறாமல் மூடக்கூடாதென்று எழுதியிருந்ததால்
மூடி இன்னும் பைக்குள் தனியாய்க் கிடந்தது.
எட்டு மணி நேரம் ஆறியிருக்கிறது.
முனையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு
மூடினேன்.