நீங்கள் விட்ட இடத்திலேயே

ராம் நாலு ஜிபி காணாது என்று
பெட்டி தானே எழுதிக் காட்டியது.
மல்லாவிச் சந்தியில் இன்னொரு நாலு வாங்கி
சேட்டுப் பொக்கற்றில் பேனையோடு கொண்டுவந்தேன்.
பொய்ப்பல் பொருத்துவதுபோல் இரண்டு விரலால் அழுத்த
ஒரு சின்னச் சத்தம்.
அந்தச் சத்தத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபா.

ஏழிலிருந்து பத்துக்குப் போகிறோம் என்றேன்.
மகளின் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்த தவமலர்
"எட்டு?" என்றாள்.
அது ஒருவருக்கும் பிடிக்கவில்லையாம்.
"ஒன்பது?"
ஒன்பது என்று ஒன்று விடவே இல்லையாம்.
சப்பாத்தைத் திருப்பிக் குதிக்காலுக்குப் பூசினாள்.
"அவங்களும் ஒன்பதைத் தாண்டித்தான் வந்திருக்கிறாங்கள்."

யுபிஎஸ் வாங்கக் காசில்லை.
வேலியால் எட்டி யோகேந்திரத்தைக் கேட்டேன்,
ஒரு மணித்தியாலம் வெல்டிங் பிடிக்காமல் இருப்பியோ.
அவன் ஒட்டினால் எங்கள் லைற் தும்மும்.
பாதியில் நின்றால்
பழையதும் இல்லை, புதியதும் இல்லை.
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
பாதி கேற்றில் சாய்ந்து இருந்தான்.
பிறகு அவனுக்கு வேறு வேலையில்லை.
"எத்தினை வீதம்?"
முப்பத்திரண்டு.
தேத்தண்ணி குடித்தான். கோப்பையைக் கழுவினான்.
"எத்தினை?"
முப்பத்திரண்டு.
"இதென்னடாப்பா, வீட்டுத்திட்டக் காசு மாதிரி."

மூன்று தரம் தானாக அணைந்து எழும்பியது.
ஒவ்வொரு தரமும் கறுப்புத் திரையில்
என் முகம்தான் தெரிந்தது,
அதுவும் சவரம் செய்யாதது.

பிறகு நீலம்.
ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது.
கொஞ்சம் பொறுங்கள் என்றது.
அதற்குப் பிறகு இந்த வரி:
உங்கள் கோப்புகள் எல்லாம்
நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கின்றன.

தவமலர் எழும்பி வந்து கிட்ட நின்று வாசித்தாள்.
இன்னொருக்கால் வாசித்தாள்.
மாமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில்
தையல் மெசினைத் தாட்டுவிட்டுப் போனவர்கள் நாங்கள்.
திரும்பி வந்து
மாமரம் நின்ற இடத்தையே மூன்று நாள் தேடினோம்.
"ஆர் இதை எழுதினவன்," என்றாள்,
"ஒருக்காலும் வீடு மாறியிருக்க மாட்டான்."

கோப்புகள் இருந்தது உண்மைதான்.
திறந்தால் தமிழில்லை.
பாமினி எழுத்துரு வழியில் எங்கோ இறங்கிவிட்டது.
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும்
முட்கம்பிச் சுருளாய்க் கிடந்தன.
பதினொரு வருசக் கடிதங்கள்.
காணி உறுதி தொலைந்தவர்கள்,
பெயர் பிழையாக விழுந்தவர்கள்,
பால் சங்கத்து நிலுவை.
நான் பிடரியில் கைவைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் கதிரையில் இருந்தாள்.
திரையைப் பார்த்தாள், கீபோட்டைத் தள்ளி வைத்தாள்.
வெறும் மேசையில் பத்து விரலும் நடக்கத் தொடங்கின.
எந்தக் கட்டைக்கு எந்த எழுத்து என்று
விரல்களுக்குத்தான் தெரியும்.
விரலுக்குப் பின்னால் வாய் வந்தது:
"பிரதேச செயலாளர் அவர்கட்கு.
நாகமுத்து பறுவதமாகிய நான்
எனது காணியின் வடக்கு எல்லையில்
தற்போது வேறொருவர்..."

ஒரு சொல்லும் தடக்கவில்லை.
மேசையெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ச்
சப்பாத்துப் பூச்சு.

"பறுவதக்கா வெள்ளிக்கிழமை வாறன் எண்டவ," என்றாள்.
"நெடுக இப்பிடி வாசிக்கேலாது. எழுத்துருவை ஏத்துங்கோ."

போன் டேற்றாவில் இறக்கி ஏற்றினேன்.
சுருள் அவிழ்ந்து வரிசைக்கு வந்தது.
அவள் மற்றச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேலிக்கு மேலால்,
"எத்தினை வீதம்?"
நூறு.
"அப்ப ஒட்டவோ?"
பொறு என்று சொல்ல வாயெடுத்தேன்.
லைற் தும்மியது.