பத்து முறை

சுண்ணாம்பு பட்டதும்
மஞ்சள் சிவந்துவிடுகிறது.
முள் சீவிய கற்றாழை மடல்
அம்மியில் நிற்காமல் வழுக்குகிறது.
மணி நாலு. முதல் தடவை.

லட்டுவுக்கு மடி கல்லாகிவிட்டது.
பின்வலக் காம்பில்
தயிர்த் திப்பி, கூடவே ஒரு நூல் ரத்தம்.
சொசைட்டிக்குக் கொண்டுவராதே என்கிறார்கள்.
ஊசி போட்டாலும்
அஞ்சு நாளைக்குக் கொண்டுவராதே என்பார்கள்.

பீய்ச்சிக் கொட்டு, கழுவு, பூசு.
காய்ந்தால் மறுபடி கழுவு.
நாளைக்குப் பத்து முறை.
பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனியில்
பக்கத்து மிஷின் ஷம்ஷாத் சொன்னது.
"ஒண்ணு கொறஞ்சாலும் பலிக்காதுக்கா,
டார்கெட்னு நெனச்சுக்கோ."

பஸ் ஆறரைக்கு.
அதற்குள் மூன்று.
மிச்சம் ஏழும் இருட்டிய பிறகு,
செல்போன் அலாரம் வைத்து.

பகலெல்லாம் நான் தைப்பது
இன்னொரு மாட்டை.
அதற்கு நோவு இல்லை, மெத்தென்று மடங்கும்.
சில தோலில் பொடிப்பொடியாய்த் தழும்பு,
உண்ணி கடித்தது.
வேப்பெண்ணெய் தடவ
ஆள் வாய்க்காத மாடு போலும்.
தனியே எடுத்து வை என்பார் செக்கர்.

வியாழக்கிழமை
வெள்ளை லைனிங்கில் என் கட்டைவிரல் பதிந்துவிட்டது.
"இன்னாம்மா இது, ரத்தமா?"
"மஞ்சள் சார்."
ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். போகவில்லை.
எந்த ஊர்க் குதிகாலோ
அதன்மேல் நடக்கப்போகிறது.
அல்லது குப்பைக்கு.
கேட்கவில்லை நான்.

ஆறாம் நாள் மூன்று காம்பு திறந்தது.
நாலாவது திறக்கவில்லை.
கன்று முட்டிப் பார்த்தது,
அடுத்ததற்குப் போய்விட்டது.

திங்கள் சாயங்காலம் தரகர் தெய்வசிகாமணி வந்தார்.
ஓசூரிலிருந்து வீட்டுக்காரர் போன் போட்டிருப்பார்.
"நாளைக்குப் பொய்கை சந்தை.
இப்பவே பேசிக்கினா நல்லது.
மூணு காம்பு மாடு, பார்த்துக்க."
பொம்பளை கையை எப்படிப் பிடிப்பது என்று
கொஞ்சம் முழித்தார்.
அப்புறம் துண்டை விரித்தார்.

ஒன்பதாவதுக்குக் குழைத்த கை.
கழுவாமலே நீட்டினேன்.
துண்டுக்கடியில்
எத்தனை விரலை அழுத்தினார் என்று
நான் எண்ணவில்லை.

வெளியே எடுத்தபோது
அவர் கையும் சிவந்திருந்தது.
துண்டில் துடைத்தார். துண்டும் சிவந்தது.

"இன்னா சொல்ற?"

பத்தாவது பாக்கியிருக்கிறது என்றேன்.