மற்றவை

மாலை நாலே காலுக்கு
ரேடார் திரையில் மேகம் பழுத்துவிட்டது.
ஓரமெல்லாம் பச்சை, உள்ளே மஞ்சள்,
கொட்டை இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு.
அபிலீனிலிருந்து விச்சிட்டா ஃபால்ஸ் வரை
ஒரே கொத்து.

ஃபோர்ட் வொர்த்தில், ஜன்னல் இல்லாத இந்த அறையில்
எனக்கு வானம் என்பது இதுதான்.

நிரல் என்னை முந்திக்கொண்டது.
டென்வரிலிருந்து ஹூஸ்டன் போகும் எழுநூற்றுப் பன்னிரண்டை
மேற்கே வளைத்து மிட்லண்ட் வழியாக விடு,
கிழக்கே சுற்றுவதைவிடப் பதினொரு நிமிடம் மிச்சம் என்று
நீலக் கோடு போட்டுக் காட்டியது.
அந்தப் பக்கத்து வான்வெளியில் இப்போது பதினான்கு விமானம்,
பதினெட்டு வரை தாங்கும் என்றது.
கணக்கில் பிழை இல்லை.

தொலைபேசியில் ராய்ஸ் ஹட்டில்ஸ்டனைக் கேட்டேன்.
"அனுப்பு, டார்லீன்" என்றார்.
சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டார்.
அந்த மூச்சை எழுத நிரலில் கட்டம் கிடையாது.
வேண்டாம் என்று அழுத்தினேன்.
காரணம் கேட்டது.
பட்டியலில் இருந்த ஆறும் பொருந்தவில்லை,
ஏழாவதாக இருந்த 'மற்றவை'யைத் தொட்டேன்.

விமானம் கிழக்கே சுற்றியது.
கேப்டன் மரிசெலா ஓர்னெலாஸ்
எரிபொருள் கணக்கை இரண்டு தடவை கேட்டாள்.
இரண்டு தடவையும் சொன்னேன்.

மிட்லண்ட் வழியாக விட்டிருந்தாலும்
ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ.
போகாத வழியிலிருந்து தகவல் வருவதில்லை.

ஐந்து மணிக்கு என் கையில் ஒன்பது விமானம்.
ஆஸ்டினுக்கு மேலே ஒரு பச்சைப் புள்ளி.
அழுக்கு என்று நினைத்துக்
கட்டைவிரலால் திரையைத் துடைத்தேன்.
நிரல் அப்படி நினைக்கவில்லை.
பிஞ்சுதான், நாற்பது நிமிடத்தில் முற்றிவிடும் என்றது.
ஹூஸ்டனில் இறங்க முடியாமல் போனால் ஆஸ்டின் என்று
எழுநூற்றுப் பன்னிரண்டுக்கு எழுதிவைத்தவள் நான்.
லேக் சார்ல்ஸ் என்று மாற்றச் சொன்னது.

முக்கால் மணி முன்புதான் அதன் பேச்சைத் தட்டியிருந்தேன்.
மனிதராக இருந்தால்
ஒரு சொல்லாவது குத்தலாக விழுந்திருக்கும்.
இது மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை.
அதே நீலக் கோடு, அதே தடிமன்.
"சரி" என்றேன், வாய்விட்டு.
பக்கத்து மேசை ஓட்டிஸ் திரும்பிப் பார்த்தான்.

ஹூஸ்டனிலேயே இறங்கிவிட்டார்கள்,
பத்தொன்பது நிமிடத் தாமதம்.
லேக் சார்ல்ஸ் தேவைப்படவில்லை.
ராய்ஸ் மறுபடி அழைத்தார், வேறு ஒரு விமானத்துக்காக.
மூச்சு சீராக இருந்தது.

நாற்பத்தேழு விமானத்தைச் சுற்றிப் போகச் சொல்லிவிட்டு
எட்டு மணிக்கு வெளியே வந்தால்
என் வண்டியின் கூரை முழுக்க அம்மைத் தழும்பு.
தரையெல்லாம் ஈரம்.
வைப்பரின் அடியில் ஓர் ஆலங்கட்டி மட்டும்
இன்னும் கரையாமல் கிடந்தது.
எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

சிவப்பாக இல்லை.