ஆள் கணக்கு

கணவாயோடு தார்ச்சாலை முடிகிறது.
அங்கே வரிசையாய் நிற்கின்றன ஊர்க்காரர்களின் கார்கள்.
கண்ணாடியில் பாசி. ஒரு பெழோவின் கதவிடுக்கில்
பெரணி முளைத்து விரிந்திருக்கிறது.
இனி நடைதான்.

முதுகுப்பையில் நூற்றிருபது படிவங்கள்,
பிளாஸ்டிக் உறைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் உறையில்.
நான் காரைக்கால்காரன்.
மழையை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

வழியில் புளியமரச் சமவெளி.
பெயர் மட்டும்தான் புளி.
தாடி தாடியாய்ப் பாசி தொங்கும் இந்த மரத்துக்கும்
எங்கள் ரசத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

மாஃபாத்தில் ஒவ்வொரு குடியிருப்பையும்
தீவு என்றுதான் சொல்கிறார்கள்.
அலை கிடையாது, படகு கிடையாது.
பத்து வீடு, ஒரு பள்ளி, தகரக் கூரையிட்ட ஒரு மாதா கோயில்,
அப்புறம் நான்கு பக்கமும் பள்ளம்.

முதல் வீடு ழிஸ்லேன் திபூர்ஸ்.
அவித்த பயறின் வாசனை.
சூரியத் தகட்டைப் பழந்துணியால் துடைத்தபடியே பதில் சொன்னாள்.

கார் உண்டா?
உண்டு.
எங்கே நிறுத்துகிறீர்கள்?
முகவாயால் மேகத்தைக் காட்டினாள்.
அங்கே. இரண்டு மணி நேரம். கால் நல்லாயிருந்தால்.
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

வேலைக்கு எதில் போகிறீர்கள்?
நான் எங்கே போகிறேன்?
வேலைதான் வருகிறது, முதுகில் பையோடு,
கொப்புளம் வெடித்த காலோடு,
இரவுக்குக் கட்டில் இருக்கா என்று கேட்டுக்கொண்டு.

மகள் கீழே சேன்-போலில் விடுதியில் படிக்கிறாள்.
வெள்ளிக்கிழமை ஏறுவாள், ஞாயிறு இறங்குவாள்.
அவளை எங்கே எழுதுவது என்று நான் யோசிக்க
பாதியை இங்கே எழுது என்றாள்,
சாப்பிடுகிற பாதியை.

செவ்வாய்க்கிழமை ஹெலிகாப்டர் வரும்.
வலையில் எரிவாயு உருளை, கோழித்தீவனம், சிமெண்ட்.
போன வருஷம் அதில் கல்யாணக் கட்டில் ஒன்று வரவேண்டியிருந்தது.
பத்து மணிக்கு மேகம் மூடிவிட்டது.
கட்டில் அடுத்த செவ்வாய் வந்தது.
கல்யாணம் காத்திருக்கவில்லை,
தரை இருக்கவே இருக்கு என்று சொல்லிச் சிரித்தாள்.
கட்டிலுக்கும் கிலோக் கணக்கில்தான் கூலி.
எடை போடாமல் இந்த ஊருக்குள் வருவது
மழை ஒன்றுதான்.

அதுவும் வந்தது.
மூன்று மணிக்கு எதிர்ச்சுவரில் ஓர் அருவி இருந்தது,
நான்கு மணிக்குப் பதினொன்று.
கீழே ஆறு கற்களை உருட்டுகிற சத்தம்
மாடியில் யாரோ மேசை நகர்த்துவது போல.
இன்றைக்கு நீ போகமுடியாது என்றாள்.
அது கேள்வியாக இல்லை.

ராத்திரிச் சாப்பாடு கறி.
கறியை அவர்களும் கறி என்றே சொல்கிறார்கள்.
தட்டில் பச்சையாய் ஏதோ காய்.
சூசூ என்றாள்.
சௌசௌ என்றேன்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
அந்தக் காயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எட்டு மணிக்கு பேட்டரி தீர்ந்து விளக்கு போயிற்று.
நுனியில் கட்டிய பென்சிலை இருட்டில் தடவிக்கொண்டு
ஒரு சந்தேகம் கேட்டேன், என்னையே:
இந்த வீட்டில் இன்றிரவு உறங்குவோர் எத்தனை பேர்?
விதிப்புத்தகம் தெளிவாகத்தான் சொல்கிறது,
விருந்தாளியை எண்ணக்கூடாது.
போர்வை அப்படி நினைக்கவில்லை.
நாயும் நினைக்கவில்லை,
என் கால்மாட்டில் வந்து சுருண்டது.

நான்கு நாள். எழுபத்திரண்டு வீடு.
ஒரே ஒருவர் கதவைத் திறக்கவில்லை.
அவரும் ஜன்னல் வழியே காப்பி கொடுத்தார்.

சேன்-தெனியில் மூன்றாம் மாடி,
என் கதவிடுக்கில் ஒரு மஞ்சள் சீட்டு.
என் அலுவலகத்துச் சீட்டுதான், என் சக ஊழியன் கையெழுத்து:
இருமுறை வந்தோம். வீட்டில் ஆளில்லை.

ஈரக் காலுறையை உரித்துப் போட்டேன்.
பையைக் கவிழ்த்தால் படிவங்களுக்கடியில்
எனக்குத் தெரியாமல் அவள் வைத்த மூன்று சௌசௌ.
எடைதான் ஏன் குறையவில்லை என்று
மலை முழுக்க வைதுகொண்டே ஏறியிருக்கிறேன்.
அதில் ஒன்று
முளைவிட்டிருந்தது.