பத்தொன்பது புள்ளி நான்கு

மலைநாட்டுக்காரரா என்று கேட்டிருக்கிறார்
டாக்டர் பெண்ட்சே.
இல்லை சார், அண்டாப் ஹில்.
பேரில் மலை வைத்திருக்கிற பேட்டை.
மழை பிடித்தால் முழங்கால் தண்ணீர்.

தவசிமுத்து, வயது நாற்பத்தொன்பது,
நாரிமன் பாயிண்டில் லிஃப்ட் ஓட்டுகிறவர்.
இருபத்தாறு வருடத்தில்
பதினாலாம் மாடிக்கு மேல் போனதில்லை.
ஹீமோகுளோபின் பத்தொன்பது புள்ளி நான்கு.

காற்று மெலிந்த லடாக்கில்
ஆடு மேய்க்கிறவனின் இரத்தம்
கடல் மட்டத்தில், காக்கிச் சட்டைக்குள்
கூழாய் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
முகம் சிவந்து கிடப்பதைப் பார்த்து
குடிக்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள் கட்டிடத்தில்.
மனுஷன் சோடாகூடக் குடிப்பதில்லை.

அவருடைய இடது சிறுநீரகம்
பரேலில் என் மேசைக்கு வந்தது,
மெழுகுக் கட்டிக்குள்.
நான் சீவுகிறவள். மூன்று மைக்ரான்.
வெங்காயச் சருகை விட மெல்லிசு,
ஊதினால் பறந்துவிடும்.
அதனால் சீவும்போது மூச்சு விடுவதில்லை நான்.

சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தேன்.
வெள்ளை வெள்ளையாய் உயிரணுக்கள்.
சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் ஸ்பிரிட்டில் கரைந்துபோய்
சாமான் ஏற்றிப் போன வீடுகள் மாதிரி.
சுற்றிலும் சிவப்புக் குழாய்கள்.
எவ்வளவு குழாய்கள்!
மாநகராட்சி கண்ணில் படாமல்
ராத்திரியோடு ராத்திரியாய்
சந்து சந்தாக இழுத்த தண்ணீர் இணைப்புகள்.

எனக்குப் புரிந்த வரையில் இப்படி:
ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு சீட்டு எழுதப்படுகிறது,
நிமிடத்துக்கு நிமிடம், ஓயாமல்,
காற்று போதவில்லை என்று.
காற்று இருக்கிற வரை
அந்தப் பிராணவாயுவே வந்து
சீட்டில் ஒரு முத்திரை குத்திவிடும்.
முத்திரை விழுந்ததைக் கிழித்துப்போட ஒருவன்.
எழுத, குத்த, கிழிக்க.
வெட்டி வேலை என்று தோன்றும்,
காற்று குறையும் வரைக்கும்.

குறைந்தால் முத்திரை குத்த ஆளில்லை.
கிழியாத சீட்டு உட்கருவின் கதவைத் தட்டும்:
இரத்தம் கூட்டு, குழாய் வெட்டு,
சர்க்கரையை அரைவேக்காடாய் எரி.
வயிற்றில் கிடக்கும் பிள்ளைக்கு அந்தச் சீட்டு வேண்டும்.
விடிகாலை தாதர் கடற்கரையில்
ஓடுகிற பெண்ணின் தொடைக்கும்.

தவசிமுத்துவின் கட்டிக்குள்
கிழிக்கிறவன் இல்லை.
எப்போதோ ஓர் அணுவில் ஓரெழுத்து பிசகி
வேலையை விட்டே போய்விட்டான்.
காற்று வருகிறது. முத்திரையும் விழுகிறது.
சீட்டுகள் மட்டும் குவிந்துகொண்டே.
அரபிக்கடல் மொத்தமும் எழுந்து வீசினாலும்
அவற்றுக்கு மூச்சு முட்டும்.

பொய் சொல்கின்றன என்றுதான் முதலில் நினைத்தேன்.
பாவம், நம்புகின்றன.
முழு மனதாய்
மலை ஏறிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாம் மாதம் ஜன்னலுக்கு வந்தார்,
வேறு ஆஸ்பத்திரிக்குக் காட்ட மெழுகுக் கட்டி கேட்டு.
நான் போனில் தமிழ் பேசியது காதில் விழுந்திருக்கிறது.
"பதிமூணு புள்ளி எட்டு. மலை இறங்கிட்டேம்மா."
கையெழுத்துப் போடுகையில் சொன்னார்,
"நுரையீரல்ல ஒரு புள்ளி தெரியுதுங்காவ."
பிறகு,
"என் கட்டிய நீங்கதானே பாத்தது? எப்படி இருந்துச்சு?"
இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
"நிறைய வீடு" என்றேன், வாய்க்கு வந்தது அதுதான்.
"வாடகை வரல பாத்தியளா" என்று சிரித்தார்.
உறையைச் சட்டைப் பைக்குள் வைத்து
ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அன்று எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் ஓடவில்லை.
பிரதீக்ஷா நகர், ஏழாம் மாடி.
கையில் இரண்டு கிலோ வெங்காயம்.
நாலாவதில் தொடை கனத்தது.
அங்கே ஏதோ ஒரு தசை மூலையில்
ஒரு சீட்டு முத்திரை படாமல் நழுவியிருக்கும்.
ஐந்தாவதில் பையை வைத்துவிட்டு நின்றேன்.
யாரோ கருவாடு பொரிக்கிறார்கள்.
அந்த வாசனையோடுதான் வந்தது மூச்சு.

கிழிந்திருக்கும்.